பெரிய சக்கரம், சின்னச் சக்கரம்

தீபாவளி நெருங்கினால் நம் அடுக்களைகளில் ஒரு சின்னக் கருவி வெளியே வரும். மரக் கைப்பிடி, அதன் நுனியில் பல் வைத்த பித்தளைச் சக்கரம். சோமாஸ் கரண்டி என்போம். பூரணம் வைத்து மடித்த மாவின் ஓரத்தில் அதை ஓட்டினால் மாவு அறுபடும். அறுபட்ட ஓரத்தில் அலை அலையாக வடிவமும் விழும். இதே சக்கரம் தையல்காரரின் மேசையில் இருக்கிறது. அங்கே துணியில் புள்ளி புள்ளியாகக் கோடு மாற்ற அது பயன்படுகிறது. காகிதக் கைவேலை செய்பவர்களிடமும் இருக்கிறது. கிழிக்க வேண்டிய கோட்டில் துளை வரிசை போட அதை ஓட்டுகிறார்கள். இப்போது பாலிமர் களிமண்ணில் கம்மலும் பதக்கமும் செய்யும் பெண்கள், களிமண் தகட்டின் மேல் தையல் போட்டதுபோல ஒரு கோடு வருவதற்கு இதே சக்கரத்தை உருட்டுகிறார்கள்.

புதுச்சேரியின் வட எல்லையில் கனகசெட்டிக்குளம் என்ற மீனவ ஊர் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் போனால் அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு களிமண் தட்டுகளில் புள்ளி வரிசை பதித்த சக்கரத்தின் கதை அங்கே மண்ணுக்குள் கிடந்தது. அந்தச் சக்கரத்துக்கும் இன்று கனகசெட்டிக்குளத்தில் ஒரு பெண் ஓட்டும் சக்கரத்துக்கும் நடுவில் ஓர் எழுதப்படாத வரலாறு இருக்கிறது. மண்ணைச் சுழற்றும் பெரிய சக்கரம் யாருடையது, மண்ணில் கோலம் போடும் சின்னச் சக்கரம் யாருடையது என்பதன் வரலாறு அது.

அரிக்கமேட்டுத் தட்டு

1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தார். இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் கலங்களும் ஆம்போராச் சாடிகளும் அங்கே கிடைத்தன. அவற்றோடு மெல்லிய, வழவழப்பான, சாம்பல் நிறத் தட்டுகளின் சில்லுகளும் வந்தன. தட்டின் உட்புறம், நடுவில், வட்ட வட்டமாகச் சிறு புள்ளிகளும் கீறல்களும் பதிந்த வரிசைகள். பல் வைத்த உருளையை ஈர மண்ணில் ஓட்டி இட்டவை என்று கருதி, 'ரூலெட்டட் கலம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இத்தனை நுட்பமான அலங்காரம் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது வீலரின் எண்ணம். ரோமானியர் கொண்டுவந்தது, அல்லது அவர்களைப் பார்த்து இங்குள்ளோர் கற்றது. தென்னிந்தியத் தொல்லியலின் கால அட்டவணையே பல ஆண்டுகள் இந்தத் தட்டுகளைச் சார்ந்து நின்றது.

அதைக் கேள்விக்கு உட்படுத்தியவர் ஒரு பெண். விமலா பெக்லி 1980களில் இந்தச் சில்லுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். மண்ணின் தன்மை, தட்டின் வடிவம், கிடைத்த அடுக்கு ஆகியவற்றை வைத்து, இந்தக் கலம் இந்திய மண்ணில் செய்யப்பட்டது, ரோமானிய வணிகம் உச்சத்துக்கு வருவதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது என்று வாதிட்டார். 1989 முதல் 1992 வரை பென்சில்வேனியா, சென்னைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய புதிய அகழாய்வுக்கு அவர் தலைமையேற்றார். அதன் அறிக்கை இரண்டு தொகுதிகளாக 1996இலும் 2004இலும் வெளிவந்தது. மண்ணை வேதியியல் முறையில் ஆராய்ந்த பின்வந்தோர் இந்தக் கலத்தின் பிறப்பிடமாகக் கங்கையின் கழிமுகப் பகுதியைச் சுட்டினார்கள். புள்ளிகள் உருளையால் விழுந்தவையா, சுழலும் கலத்தின் மேல் பிடித்த மெல்லிய தகடு அதிர்ந்து அதிர்ந்து வெட்டியவையா என்ற விவாதமும் உண்டு.

விவாதம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கே செய்தார்கள் என்று கேட்டார்கள். எப்போது, எதைக் கொண்டு என்றும் கேட்டார்கள். எந்தக் கை செய்தது என்ற கேள்வி அரிதாகவே எழுந்தது. 'குயவர்' என்று எழுதும்போது படிப்பவர் மனத்தில் ஓர் ஆண் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறார். வரலாற்று நூல்களில் இப்படித் தானாக வந்து உட்கார்ந்தவர்கள் நிறைய.

தொடக்கூடாத சக்கரம்

அந்த ஆண் சும்மா வரவில்லை. இந்தியாவின் பெரும்பாலான குயவர் குடும்பங்களில் பெண்கள் சக்கரத்தில் உட்காரும் வழக்கம் இல்லை; பல இடங்களில் அது தீட்டோடும் தெய்வத்தோடும் சேர்த்துக் கட்டிய தடை. மண்ணை வெட்டி வருவது, கல் பொறுக்குவது, மிதித்துப் பிசைவது, தட்டிப் பெரிதாக்குவது, மெருகு தேய்ப்பது, வண்ணம் இடுவது, சூளைக்கு அடுக்குவது, தலையில் சுமந்து விற்பது எல்லாம் பெண்கள் செய்யலாம். சுழலும் சக்கரத்தின் முன்னால் உட்காரும் அந்த வேலை மட்டும் ஆணுக்கு. ஒரு பானைக்கான உழைப்பில் சக்கரத்தில் செலவாகும் நேரம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த நேரத்துக்குத்தான் 'செய்தவர்' என்ற பெயர் போய்ச் சேர்கிறது.

இது இயற்கை வகுத்த பிரிவினை அல்ல என்பதற்கு மணிப்பூரின் ஆண்ட்ரோ ஊர் சாட்சி. அங்கே மண்பாண்டம் பெண்களின் தொழில். அவர்கள் சக்கரமே இல்லாமல், மண்ணைக் கையால் எழுப்பித் தட்டிப் பானை செய்கிறார்கள். சக்கரம் வந்த இடத்தில் அதை ஆண் எடுத்துக்கொண்டான் என்று உலகின் பல பகுதிகளைப் பற்றி மானிடவியலர் எழுதியிருக்கிறார்கள். வேகமும் சந்தையும் சேர்ந்த கருவி ஒரு பக்கம் போகிறது. கையும் பொறுமையும் வேண்டிய வேலை மறுபக்கம் தங்கிவிடுகிறது.

நம் சங்கப் பாடல்களில் இந்த விஷயத்துக்கு இரண்டு சாட்சிகள் உண்டு. முதலாவது வெண்ணிக் குயத்தியார். புறநானூற்றின் 66ஆம் பாடலைப் பாடியவர். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனுக்கு நேராக நின்று, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டவர். வென்றவனின் முகத்துக்கு நேரே தோற்றவனைப் புகழும் துணிவு அவருக்கு இருந்தது. அவருடைய இயற்பெயர் நமக்கு வரவில்லை. ஊர்ப்பெயரும் தொழில்குடிப் பெயரும் மட்டும் வந்தன. அவருடைய சொல் நின்றது. அவர் கைபட்ட மண் ஏதேனும் இருந்திருந்தால் அது யாருடைய கணக்கில் போயிற்றோ!

இரண்டாவது, 256ஆம் பாடல். பாடியவர் பெயர் இல்லை. கணவனை இழந்த பெண் ஒருத்தி, கலம் செய்யும் குயவனைப் பார்த்துப் பேசுகிறாள். வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு பல்லி போல அவனோடு எத்தனையோ வெம்பரப்புகளைக் கடந்து வந்தவள் நான். அவனைப் புதைக்கும் தாழியை எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்கிறாள். காதலின் உச்சம் என்று இந்தப் பாட்டை வகுப்பில் சொல்லித்தருகிறோம். பாடம் நடத்தும்போது என் மாணவிகள் வேறொன்றைக் கேட்கிறார்கள். தன் சாவுக்கான பாத்திரத்தின் அளவைக்கூட அவள் இன்னொருவரிடம்தானே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது? சக்கரம் அவள் கையில் இல்லை. தாழியின் அகலம் அவள் கையில் இல்லை. சொல் மட்டும்தான் அவளிடம் இருக்கிறது.

யாருக்குப் பெயர்?

புதுச்சேரி மண்வேலைக்குப் பேர் போன ஊர். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வில்லியனூரின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வந்தது. திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஒரே சிறிய ஒன்றியப் பகுதிக்குள் மண்ணும் காகிதமும் அரசு முத்திரை பெற்ற கைத்தொழில்கள். குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. ஊருக்குள் எந்த வீட்டில் யார் பிசைந்தார், யார் தேய்த்தார், யார் கண் எழுதினார் என்று அது கேட்பதில்லை.

1971இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் ஆகிய இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். உயர்வெப்பத்தில் சுட்டு மெருகேற்றிய 'பாண்டிச்சேரிப் பாட்டரி' அங்கிருந்துதான் பரவியது. இந்தியாவின் இன்றைய ஸ்டுடியோ குயவர்களில் பலர் அங்கே பயின்றவர்கள்; அவர்களில் பெண்கள் நிறைய. குயவர் குடியில் பிறக்காத பெண்கள் சக்கரத்தில் உட்கார்ந்தது பெரிய மாற்றம்தான். ஆனால் அந்தக் கதவு படிப்பும் பணமும் பயண வசதியும் உள்ளவர்களுக்கே முதலில் திறந்தது. சூளை, சக்கரம், இடம் மூன்றும் இருந்தால்தான் அந்தக் கலை. கனகசெட்டிக்குளத்தில் கடலுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீட்டில் இருக்கும் பெண்ணுக்குச் சூளை எங்கே இருந்து வரும்?

அதனால்தான் பாலிமர் களிமண்ணின் கதை முக்கியமாகிறது. அதற்குச் சக்கரம் வேண்டாம், சூளை வேண்டாம், சமையலறை அளவுள்ள இடம் போதும். அதில் வேலை செய்யும் கருவிகள் காகிதம் வெட்டும் கருவிகள். அவையோ ஏற்கெனவே பெண்களின் கையில் இருந்தவை.

கத்தரிக்கோலின் வழி

காகிதம் வெட்டுவது பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட கலையாகப் பல நாடுகளில் இருந்தது. அனுமதித்ததற்குக் காரணம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பதே. இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற விதவை, 1770களில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, வண்ணக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். ஒரு பூவுக்கு நூற்றுக்கணக்கில் துண்டுகள். பத்தாண்டுகளில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பூக்கள். தாவரவியலர் பார்த்து வியந்த துல்லியம். இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் காலத்தில் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. ஊசிவேலைக்கும் இதே கதிதான். தையலும் பின்னலும் எப்படிக் 'கலை'யிலிருந்து பிரிக்கப்பட்டுப் 'பெண்மை'யாக மாற்றப்பட்டன என்பதை ரோசிகா பார்க்கர் 1984இல் ஒரு முழு நூலாக எழுதினார்.

புதுச்சேரியில் காகிதத்துக்குத் தனி வரலாறு உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959இல் தொடங்கியது. பருத்தித் துணிக்கழிவைக் கூழாக்கிச் செய்யும் அந்தக் காகிதம் நாடு முழுவதும் போயிற்று. பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. கனகசெட்டிக்குளம் தொடங்கித் தெற்கே உள்ள மீனவ ஊர்கள் அனைத்தையும் கடல் அடித்தது. படகும் வலையும் இழப்பாகப் பதிவாயின. நிவாரணம் பெரும்பாலும் அவற்றின் சொந்தக்காரர்களுக்கு, அதாவது ஆண்களுக்கு, வந்தது. மீன் கூடையும் தராசும் கைமுதலும் போன பெண்களின் இழப்பைப் பதிவு செய்வது கடினமாக இருந்தது. கைமுதலுக்கு ரசீது ஏது?

அந்த நாட்களில் ஆரோவில்லின் உபாசனா அமைப்பில் உமா பிரஜாபதி, மீனவப் பெண்களோடு சேர்ந்து 'சுனாமிகா' என்ற சின்னத் துணிப்பொம்மையைத் தொடங்கினார். தையல் கூடத்தில் மிஞ்சிய துண்டுத் துணியில் விரல் அளவுப் பொம்மை. அதை விற்கவில்லை, பரிசாகக் கொடுத்தார்கள், விரும்பியவர்கள் தந்த நன்கொடையிலிருந்து செய்த பெண்களுக்குக் கூலி போயிற்று. சுனாமிக்குப் பிந்தைய பயிற்சிகளிலிருந்தே ஆரோவில்லில் 'வெல் பேப்பர்' என்ற பெண்கள் குழுவும் வளர்ந்தது. பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் சுற்றிக் கிண்ணமும் கூடையும் பையும் செய்தார்கள். துணியும் காகிதமும் ஆகிய இந்த இரண்டிலும் முதலீடு கத்தரிக்கோலும் பசையும் கையும்தான். பெரிய கருவி எதுவும் வேண்டாத தொழில்கள் பெண்களுக்கு என்று ஒதுக்கப்படுவதைப் பார்த்து வருத்தப்படலாம். அந்த ஒதுக்கத்துக்குள்ளேயே பெண்கள் கட்டிக்கொண்டதைப் பார்த்து மதிக்கவும் வேண்டும்.

பொம்மைக்காரியின் மகள்

பாலிமர் களிமண் பெயரில்தான் களிமண். உண்மையில் அது பி.வி.சி. பிளாஸ்டிக் பொடி. நெகிழியாக்கி சேர்த்துக் குழைத்தது. 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் பொடிகள் ஒன்றோடொன்று இணைந்து கெட்டிப்படும். பூமியிலிருந்து தோண்டி எடுத்த மண் அல்ல. எனவே சாதியும் தடையும் அதன் மேல் இன்னும் ஏறவில்லை.

இதன் ஜெர்மன் கிளைக்கதை பெண்களால் ஆனது. கேத்தே குரூசே என்ற நடிகை 1905இல் தன் மகளுக்குப் பொம்மை கேட்டபோது, சிற்பியான கணவர், கடையில் வாங்கித் தர மாட்டேன், நீயே செய்துகொள் என்று எழுதியதாகக் கதை சொல்வார்கள். அவர் ஒரு துவாலையில் மணலை நிரப்பி, உருளைக்கிழங்கைத் தலையாக வைத்துக் கட்டினார். அந்தத் துவாலைப் பொம்மையிலிருந்து உலகப் புகழ்பெற்ற தொழிற்கூடம் ஒன்று எழுந்தது. 1925இல், தன் பொம்மையை நகலெடுத்த பெரிய நிறுவனம் ஒன்றின் மேல் வழக்குத் தொடுத்து வென்றார். பொம்மையும் ஒரு கலைப்படைப்பு, செய்தவருக்கு அதில் உரிமை உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றது. கைவேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இது.

அவருடைய மகள் சோஃபி, செல்லப்பெயர் ஃபிஃபி. பொம்மைத் தலை செய்ய ஏற்றதா என்று பார்ப்பதற்காக வந்த ஒரு பிளாஸ்டிக் குழைவு அந்த வேலைக்கு ஒத்துவரவில்லை. ஃபிஃபி அதை எடுத்து வைத்துக்கொண்டு, வண்ணம் சேர்த்து, சின்னத் துண்டுகளாக்கிப் பட வேலை செய்யும் பொருளாக வளர்த்தார். 'ஃபிஃபி மொசைக்' என்று பெயர் வைத்தார். 1964இல் அதை எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் வாங்கியது. இரண்டு சொற்களின் முதல் அசைகளும் சேர்ந்து 'ஃபிமோ' ஆனது. உலகெங்கும் விற்கும் அந்தப் பொட்டலத்தின் மேல் ஒரு பெண்ணின் செல்லப்பெயர் பாதி ஒட்டிக்கொண்டிருப்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1960களில் வந்த 'ஸ்கல்ப்பி' மின்மாற்றியில் வெப்பம் கடத்துவதற்காக உருவாக்கி, அந்த வேலைக்கு உதவாமல் கைவேலைக்கு வந்த பொருள். 1991இல் நேன் ரோச் இந்தப் பொருளுக்கென்று எழுதிய 'புதிய களிமண்' என்ற கையேடு, வீட்டு மேசைகளில் சிதறிக் கிடந்த அனுபவங்களை ஒரு துறையாகத் திரட்டியது.

இவர்கள் யாருக்கும் கருவி செய்து தர யாரும் காத்திருக்கவில்லை. அவர்கள் தங்கள் வீட்டில் இருந்ததை எடுத்தார்கள். மாவைத் தகடாக்கும் பாஸ்தா இயந்திரம் களிமண் தகடு போட வந்தது. காகிதத்தில் பூ வெட்டும் பஞ்ச் வந்தது. வாழ்த்து அட்டையில் மேடுபள்ளம் எழுப்பும் எம்பாசிங் உறை வந்தது. பள்ளி ஆசிரியர்கள் எழுத்து வெட்டுவதற்காக 1977இல் தொடங்கிய எல்லிசன் நிறுவனத்தின் அச்சுவெட்டிகள், பிறகு வீட்டு மேசை அளவுக்குச் சிறுத்து, களிமண்ணையும் வெட்டின. நம் ஊரில் எம்பிராய்டரி, கண்ணாடி ஓவியம், எம்-சீல் பூ, ரொட்டித் துண்டும் ஃபெவிகாலும் பிசைந்த பூ, குவில்லிங் கம்மல், சுடுமண் நகை என்று தலைமுறைக்கு ஒன்றாக வந்த வரிசையில் பாலிமர் களிமண் இப்போது நிற்கிறது.

கருவியை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எளிய காரியம் என்று நினைக்கக் கூடாது. அதற்கு அறிவு வேண்டும். பச்சைக் களிமண்ணைக் காகிதப் பஞ்ச்சில் நுழைத்தால் ஒட்டிக்கொண்டு பல்லை அடைத்துவிடும். காகிதம் நார், வெட்டினால் விறைப்பாக நிற்கும். களிமண் இழுபடும். எனவே தகட்டை மிக மெல்லிதாக, அட்டைக் கனத்துக்கு உருட்டி, முதலில் சுட்டுவிட்டு, ஆறிய பிறகு பஞ்ச்சில் வெட்ட வேண்டும். சுட்ட மெல்லிய தகடு தோல்போல வளையும், காகிதம்போல அறுபடும். எம்பாசிங் உறைக்கு இதன் நேர்மாறு. பச்சைத் தகட்டில்தான் வடிவம் விழும்; ஒட்டாமல் இருக்க உறையில் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், அல்லது சோளமாவு தூவ வேண்டும். மெல்லிய உலோக அச்சால் வெட்டும்போது தகட்டின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து அழுத்தினால் ஓரம் வட்டமாக மழுங்கி வரும். விரிக்காமல் அழுத்தினால் ஓரம் கூராக நிற்கும். வெட்டியதைக் கையால் எடுத்தால் வடிவம் நெளியும். சுடப்போகும் ஓட்டின் மேலேயே வைத்து வெட்டி, சுற்றியுள்ள கழிவை மட்டும் உரித்தெடுக்க வேண்டும். கோடையில் நம் கடற்கரைப் புழுக்கத்தில் களிமண் இளகிவிடும். வெட்டுவதற்கு முன் சற்று நேரம் குளிரவைக்க வேண்டும்.

இவை எல்லாம் பொருளியல் அறிவு. பொறியியல் கல்லூரியில் சொன்னால் பாடம். பெண்கள் ஒருவருக்கொருவர் சொன்னால் 'டிப்ஸ்'.

பழைய உறவு ஒன்றும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. பல வண்ணக் களிமண் குச்சிகளை அடுக்கி, ஒரு பூவின் குறுக்குவெட்டு வரும்படி கட்டி, அதை இழுத்து நீட்டி மெலிதாக்கி, துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் அதே பூ இருக்கும். கண்ணாடிக் கலைஞர்களிடம் கற்ற முறை இது. அரிக்கமேட்டில் செய்த கண்ணாடி மணிகளும் இந்தத் தத்துவத்துக்குப் பக்கத்தில் வருபவை. உருகிய கண்ணாடியைத் துளையோடு நீண்ட குழலாக இழுத்து, பிறகு மணி மணியாக நறுக்கினார்கள். அந்த மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை போயின. கனகசெட்டிக்குளத்தில் நறுக்கப்படும் களிமண் பூ அந்த நறுக்கலுக்குத் தூரத்து உறவு.

கணக்கில் வராத நேரம்

என் மாணவி ஒருத்தி வீடு கனகசெட்டிக்குளம் பக்கம். வகுப்பு முடிந்து போய், இரவில் கம்மல் செய்து தோழிகளுக்கு விற்கிறாள். ஒருநாள் அவள் வீட்டில் இருந்தபோது அம்மா அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார்.

"ஏன்டி, சோமாஸ் கரண்டிய எங்க வச்ச?"

"அது இனிமே எனக்குத்தாம்மா. களிமண்ணுல ஓட்டிட்டேன். அதுல பலகாரம் செய்யக் கூடாது."

"அப்ப தீவாளிக்கு என்னத்த வச்சு அறுக்கறது?"

"புதுசு வாங்கித் தரேன். என் காசுல."

அம்மா சிரித்தார். மகள் சொன்ன இரண்டு விஷயங்களும் சரி. பாலிமர் களிமண் பட்ட கத்தி, அச்சு, உருளை எதுவும் மீண்டும் சமையலுக்குப் போகக் கூடாது. அதில் உள்ள நெகிழியாக்கி உணவில் சேர வேண்டிய பொருள் அல்ல. சில வகை தாலேட் நெகிழியாக்கிகளைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்கா 2008இல் சட்டம் செய்தது. பெயர்பெற்ற நிறுவனங்கள் கலவையை மாற்றின. முத்திரை இல்லாமல் மலிவாக வரும் பொட்டலங்களுக்கு அந்த உறுதி கிடையாது. சூடு மிகையாகிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். கண்ணும் தொண்டையும் எரியும். எனவே சுடும் அடுப்பு தனியாக, வெப்பமானியோடு, சன்னல் திறந்த இடத்தில் இருக்க வேண்டும். ஆலையில் இதே பொருளைக் கையாண்டால் பாதுகாப்பு விதி உண்டு. வீட்டில் கையாளும் பெண்ணுக்கு அந்த விதியைச் சொல்ல யாரும் இல்லை. அவள் 'தொழிலாளி' அல்லவே.

இங்கேதான் மையமான சிக்கல் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஜோடிக் கம்மல் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். களிமண், கொக்கி, மெருகு, மின்சாரம், உறை எல்லாம் சேர்த்து 50 ரூபாய். மிச்சம் 100. பிசைவது, தகடு போடுவது, வெட்டுவது, பதிப்பது, சுடுவது, தேய்ப்பது, கோப்பது, படம் எடுத்து அனுப்புவது என்று இரண்டரை மணி நேரம் போனால், ஒரு மணி நேரத்துக்கு 40 ரூபாய். இந்த இரண்டரை மணியை எங்கிருந்து எடுத்தாள்? 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் ஒரு பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். வீட்டு வேலை குறையவில்லை. கம்மல் வேலை அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எடுத்த இடம் தூக்கம்.

வீட்டிலிருந்தபடி ஒரு முதலாளிக்காகக் கூலிக்குச் செய்யும் வேலையை மற்ற கூலி வேலைகளுக்கு இணையாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதற்குப் பின்னால் சேவா போன்ற இந்தியப் பெண்கள் அமைப்புகளின் நீண்ட உழைப்பு இருந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்றுக் கையெழுத்திடவில்லை. கடைக்காரர் ஒருவர் ஒரு பெண்ணுக்கு நூறு ஜோடி செய்யச் சொல்லி, வடிவத்தையும் அவளிடமே வாங்கிக்கொண்டு, தன் முத்திரையில் விற்றால், சட்டத்தின் கண்ணில் அவள் பெரும்பாலும் இல்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறாள்' என்ற ஒரே வாக்கியம் போதும். கூலியும் குறையும், பெயரும் போகும். சும்மா இருக்கும் நேரம் என்பது நம் வீடுகளில் எந்தப் பெண்ணுக்கு இருந்தது?

இதற்குச் சுயதொழில் புகழ்ச்சி விடையாகாது. வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்ற விளம்பரம், வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம் என்ற பழைய கட்டளையின் புதிய உடுப்பாகவும் இருக்கலாம். மீன் கூடை தூக்கிச் சந்தைக்குப் போன அம்மாவுக்குச் சந்தையில் குரல் இருந்தது. விலை பேசத் தெரிந்தது. பக்கத்துக் கடைப் பெண்களோடு கூட்டு இருந்தது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து நள்ளிரவில் களிமண் வெட்டும் மகளிடம் நுட்பம் இருக்கிறது, கூட்டு இல்லை. அம்மாவின் சந்தைக் குரலும் மகளின் கை நுட்பமும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் இது தொழில். நான்கு பேர் சேர்ந்து ஓர் அடுப்பு, ஓர் அச்சுவெட்டி, ஒரே குறைந்தபட்ச விலை என்று வைத்துக்கொள்வதிலிருந்து அது தொடங்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கும் ஊர்களில் அதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது.

சில்லில் எழுதிய பெயர்

அரிக்கமேட்டில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானைச் சில்லுகளும் கிடைத்தன. தமிழகத்தின் பல ஊர்களில் இப்படிக் கிடைத்தவற்றில் ஆள்பெயர்கள் வருகின்றன. அவை பெரும்பாலும் பானையின் சொந்தக்காரர் பெயர் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். சுட்டு முடித்த பானையில் அதை வைத்திருந்தவர் பின்னால் கீறிக்கொண்ட பெயர். மண்ணைப் பிசைந்தவர் பெயர் ஈர மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கலாம். அதற்கு எழுத்தும் வேண்டும், இது என் வேலை என்ற எண்ணமும் வேண்டும், அதை அனுமதிக்கும் சமூகமும் வேண்டும்.

இன்றைய பெண்ணிடம் எழுத்து இருக்கிறது. ஒவ்வொரு வடிவத்தையும் செய்த தேதியோடு படமெடுத்து வைப்பது, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று நோட்டில் எழுதுவது, பதக்கத்தின் பின்புறம் தன் பெயரின் முதல் எழுத்தைப் பதிப்பது ஆகிய மூன்றும் காசு செலவில்லாத காரியங்கள். முதலாவது வழக்கு வந்தால் சாட்சி. இரண்டாவது விலை பேசும்போது ஆதாரம். மூன்றாவது வரலாறு. பாலிமர் களிமண் மக்காது. நம் குப்பை மேடுகளில் அது நெடுங்காலம் கிடக்கும். அதன் சுற்றுச்சூழல் கடனை நாம் மறைக்க வேண்டியதில்லை. வெட்டிய கழிவைத் திரும்பப் பிசைந்து அடுத்த துண்டின் உள்ளே வைப்பது அந்தக் கடனைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் என்றோ ஒரு நாள் இந்தக் கடற்கரையைத் தோண்டுபவர்கள், புள்ளி வரிசை பதிந்த ஒரு சின்ன வில்லையைக் கையில் எடுத்து, இது எங்கிருந்து வந்தது, எதைக் கொண்டு பதித்தார்கள் என்று வழக்கம்போல் கேட்பார்கள். திருப்பிப் பார்த்தால் ஒரு பெண்ணின் எழுத்து இருக்கட்டும்.